வாசல் கல்லை அவ்வளவாக நம்ப வேண்டாம்

கேள்வி: இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கம் ஒரு கிராமத்தில் என் மகளும் மருமகனும் பழைய செங்கல் வீடு வாங்கியிருக்கிறார்கள். வாசல் நிலைக்கு மேல் '1792' என்று பொறித்த கல் இருக்கிறது. விற்றுக்கொடுத்த ஏஜென்டோ நானூறு, ஐந்நூறு வருஷத்து வீடு என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஏஜென்ட் சொல்லும் வயதில் பாதியைக் கழித்துவிடுவது என் வழக்கம். ஆனால் இந்த வீட்டில் இருவரும் சொல்வது சரியாக இருக்க வாய்ப்புண்டு அம்மா. தென்கிழக்கு இங்கிலாந்தில் வெளியே செங்கல்லாகத் தெரிகிற பல வீடுகள் உள்ளே மர வீடுகள்தான். ஓக் மரத் தூண்களும் சட்டங்களும் நிறுத்தி, நடுவில் குச்சிப் பின்னல் வைத்துக் களிமண் அப்பிக் கட்டியவை. 18-ஆம் நூற்றாண்டில் செங்கல் முகப்பு கௌரவம் என்று ஆனதும், பழைய வீட்டை இடிக்காமல் முன்பக்கம் மட்டும் ஒரு செங்கல் சுவரை ஒட்டி எழுப்பிவிட்டார்கள். 1792 அந்தச் சுவருக்கு உரிய வருஷமாக இருக்கலாம். யாரோ குடிவந்த வருஷமாகவும் இருக்கலாம், எங்கோ இடித்த வீட்டிலிருந்து வந்த கல்லாகவும் இருக்கலாம். தேதிக் கல்லை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் மருமகனை ஒரு டார்ச்சோடு கூரைக்கு அடியில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கைமரங்கள் எல்லாமே ஒரே சீராகக் கன்னங்கரேலென்று, தொட்டால் விரலில் கரி ஒட்டுகிற அளவுக்கு இருந்தால் ஏஜென்ட் பக்கம் சாய்ந்துவிடலாம். புகைபோக்கி வருவதற்கு முன்பு நடுக்கூடத்தில் தரையிலேயே நெருப்பு வளர்ப்பார்கள். புகை மேலே எழும்பிக் கூரை வழியாகக் கசிந்து போகும். அந்தப் புகைக்கரிதான் இது. செங்கல் புகைபோக்கி 16, 17-ஆம் நூற்றாண்டுகளில்தான் சாதாரணக் குடியானவர் வீடுகளுக்குப் பரவலாக வந்தது. அது வந்த பிறகுதான் கூடத்துக்கு மேலே தளம் போட்டு மாடி அறை எடுக்க முடிந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் கறுத்திருந்தால் அது பிற்காலத் தீ விபத்தாக இருக்கலாம், ஏமாந்துவிட வேண்டாம்.

அங்கேயே மரங்கள் சேரும் மூட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். உளியால் கீறிய ரோம எண்கள் தெரியலாம். தச்சர்கள் சட்டகம் முழுவதையும் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண் போட்டுக் கழற்றி, பிறகு மனையில் நிறுத்தினார்கள். அதற்கான அடையாளம் இது. வருஷமே தெரிய வேண்டுமென்றால், மரத்தின் வளையங்களைக் கணக்கிட்டு அது வெட்டப்பட்ட காலத்தைச் சொல்லும் நிபுணர்கள் இருக்கிறார்கள். செலவு பிடிக்கும், எல்லா மரத்திலும் விடை கிடைக்காது.

அப்புறம் முகப்பு. டேப் வைத்துச் சுவரிலுள்ள ஒரு செங்கல்லின் உயரத்தை அளக்கட்டும். அமெரிக்க விடுதலைப் போரில் ஏறிய கடனைச் சமாளிக்க 1784-இல் ஆயிரம் செங்கல்லுக்கு இரண்டரை ஷில்லிங் வரி போட்டார்கள். எண்ணிக்கைக்குத்தானே வரி? சூளைக்காரர்களில் சிலர் கல்லைப் பெரிதாக அறுக்க ஆரம்பித்தார்கள். அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 10 அங்குல நீளம், 5 அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்ற அளவைத் தாண்டினால் இரட்டை வரி என்று 1803-இல் கொண்டுவந்தது. 1850-இல்தான் இந்த வரி ஒழிந்தது. ஆகவே 3 அங்குலத்தை ஒட்டிய கல் என்றால் 1792 பொருந்துகிறது. 2 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான மெல்லிய கல் என்றால் அதைவிடப் பழசாக இருக்கலாம். பழைய கல்லை எடுத்து மறுபடி வைப்பதும் சகஜம் என்பதால், கல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

கேள்வி: அதே வீட்டில் முன்சுவர் உள்பக்கம் ஓதம் காத்திருக்கிறது. வெளியே செங்கல்லின் முகம் அப்பளமாகப் பெயர்ந்து விழுகிறது. இடுக்குகளைச் சுரண்டிவிட்டு நல்ல சிமென்ட் அடைத்துவிடலாம் என்கிறார் வேலைக்கு வந்தவர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே யாரோ சிமென்ட் அடைத்ததால்தான் பெயர்கிறதோ என்று பாருங்கள். அந்தச் சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுந்தது. சுண்ணாம்பு இடுக்கு கல்லைவிட மென்மையானது. சுவரில் ஏறிய ஈரம் அந்த இடுக்கு வழியாகவே வெளியேறி உலரும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது கல்லின் முகத்தைத் தள்ளிவிடுகிறது. சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, கல் உள்ளே குழிந்திருந்தால் சந்தேகமே இல்லை. மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, வெளித் தரை மட்டம் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைப் பிடியுங்கள். அரைக்கிற மெஷினை இடுக்கில் வைக்க விடாதீர்கள், கல்லின் ஓரம் போய்விடும்.

இன்னொன்று. இவ்வளவு பழைய வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்க நிறைய வாய்ப்புண்டு. இருந்தால், வீட்டின் தன்மையை மாற்றும் வேலைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் செய்தால் அங்கே அது கிரிமினல் குற்றம். பட்டியலை இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

கேள்வி: பக்கச் சுவரில் ஒரு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்கிறார்கள் ஊரில். உண்மையா?

பதில்: கதை நன்றாக இருக்கிறது, கணக்குதான் இடிக்கிறது. 1696-இல் தொடங்கி 1851 வரை அந்த வரி இருந்தது உண்மை. ஆனால் ஆரம்பத்தில் பத்து ஜன்னல் வரை ஒரே தொகைதான், கூடுதல் வரி அதற்கு மேல்தான். பின்னால் வரம்பு குறைந்தபோதும் ஏழு ஜன்னலிலிருந்துதான் கணக்கு. உங்கள் மகள் வீட்டில், அடைத்ததையும் சேர்த்து, மொத்தம் எத்தனை ஜன்னல் என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்தாறுதான் என்றால், ஒன்றை அடைத்து யாரும் ஒரு காசும் மிச்சம் பிடித்திருக்க முடியாது. உள்ளே மாடிப்படியை இடம் மாற்றினார்களா, அந்த இடத்தில் அடுப்பு வைத்தார்களா என்று தேடுங்கள்.