வாசகர் கேள்வி: கடைக்காரர் அடித்த காசு

கே: 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் கடைக்காரர்களே காசு அடித்தார்களாமே, அரசு சும்மாவா இருந்தது? (வாசகர், காரைக்குடி)

ப: அரசு சும்மா இருந்ததால்தான் அடித்தார்கள். அன்று ஒரு பென்னிக்கு நான்கு ஃபார்திங். வெள்ளிப் பென்னியே ஏறத்தாழ அரை கிராம்தான். அரைப் பென்னி அதில் பாதி, கை தவறினால் போச்சு. ஃபார்திங்கை வெள்ளியில் அடிக்க வழியே இல்லை. 1613-இலிருந்து, மன்னரிடம் உரிமம் பெற்றவர்கள் செம்பு ஃபார்திங் விட்டார்கள். எடை குறைவு, கள்ளக்காசும் கலந்தது. 1640-களில் பாராளுமன்றம் அதை நிறுத்தியது. பதிலுக்கு எதுவும் தரவில்லை. 1648 முதல் மளிகைக்காரர், மெழுகுவத்திக்காரர், மதுக்கடைக்காரர் எல்லாம் தங்கள் பெயரில் பித்தளை, செம்பு வில்லைகளை விட்டார்கள். நம்மூரில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருவார்களே, அதைவிட நேர்மையான ஏற்பாடு: வில்லையைத் திருப்பிக் கொடுத்தால் சரக்கு உண்டு.

பக்கத்துக் கடைக்காரரும் அதை வாங்கிக்கொள்வார். அறை அறையாகத் தடுத்த பெட்டியில் ஆள்வாரியாகப் பிரித்துப் போட்டுவைத்து, 48 ஃபார்திங் சேர்ந்ததும் உரியவரிடம் கொடுத்து ஒரு ஷில்லிங் வெள்ளி வாங்கலாம். தொலைந்த வில்லையெல்லாம் அடித்தவருக்கு லாபம். அவர் திவாலானால், இறந்துபோனால், பெட்டியில் கிடப்பது வெறும் பித்தளை. நாலு தெரு தள்ளிப் போனாலே செல்லாத காசுதான்.

1672-இல் இரண்டாம் சார்லஸ் செம்பில் அரைப் பென்னியும் ஃபார்திங்கும் வெளியிட்டு, தனியார் வில்லைகளைத் தடைசெய்தார்.

கே: உறவினர் லண்டனில் வாங்கிய வில்லையில் மூன்று எழுத்துகள் முக்கோணமாக உள்ளன. எப்படிப் படிப்பது? (வாசகி, தேனி)

ப: மேலே உள்ளது குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் மனைவி. ஜான் ஹில், மேரி என்று வைத்துக்கொண்டால் மேலே 'எச்', கீழே 'ஐ', 'எம்'. 'ஜே' இருக்க வேண்டிய இடத்தில் 'ஐ' எப்படி என்று குழம்ப வேண்டாம். அன்று இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். பலரும் சறுக்குவது இங்கேதான். விளிம்பைச் சுற்றி முழுப்பெயரும் தெருவும் இருக்கும். நடுவில் உள்ள படம் தொழிலையோ கடையின் அடையாளப் பலகையையோ காட்டும். கூம்பு வடிவம் என்றால் சர்க்கரைக் கட்டி, பெரும்பாலும் மளிகைக்காரர். மதிப்பு பொறிக்காதவை அநேகமாக ஃபார்திங்.

கே: கறுத்திருக்கிறது, புளி போட்டு விளக்கலாமா? (அதே வாசகி)

ப: வேண்டவே வேண்டாம். தகடு மெல்லியது, எழுத்து ஆழமில்லை. அமிலம் முதலில் எழுத்தைத்தான் தின்னும். காய்ச்சி வடித்த நீரில் அலசி, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு விளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், எழுத்து எழும்பும்.