மடுவில் முகம் வைத்துப் பார்த்தால்: மலை ஓடை ட்ரவுட் பற்றிய கேள்விகளும் பதில்களும்

இலங்கையின் நிலாவெளிக் கடலிலும் அதன் அருகிலுள்ள புறாத்தீவிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்நோர்க்கல், அதாவது மூச்சுக்குழாயோடு முகம் கவிழ்த்து மிதந்து நீருக்குள் பார்ப்பது, பழக்கிவருகிறேன். தங்கை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் குடியிருப்பதால், மூன்று கோடைகளை அங்குள்ள மலை ஓடைகளில், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயுமாகக் கழிக்கும் பேறு கிடைத்தது. காட்டு ட்ரவுட் மீன்களை அவற்றின் வீட்டிலேயே பார்த்த அந்த அனுபவத்தை நம் குழுவில் சொன்ன நாளிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வான்கூவரில் வசிக்கும் திருகோணமலைப் பெண்: அண்ணா, புறாத்தீவில் உங்களிடம்தான் பழகினேன். போன மாதம் இங்கே ஒரு மலை ஓடைக்குப் போனோம். கரையிலிருந்து பார்த்தபோது மடுவில் ஆறேழு மீன்கள் நின்றன. இறங்கியதும் ஒன்றையும் காணவில்லை. எங்கே பிழை விட்டேன்?

நீ மடுவின் தலைப்பக்கமாக, நீர் விழும் இடத்தில் இறங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். நானும் முதல் நாள் அதைத்தான் செய்தேன். புறாத்தீவில் கிளிமீனும் வண்ணத்துப்பூச்சி மீனும் நம்மைச் சுற்றி வந்து பழக்கப்பட்டுவிட்டதால், எந்த மீனும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். ட்ரவுட் வேறு பிறவி.

அது எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். உணவு மேலிருந்து மிதந்து வருகிறது; மூச்சுக்கான நீரும் அப்படியே வாய்க்குள் வருகிறது. ஆகவே மடுவின் வால்பக்கம், நீர் மெலிந்து கீழே வழியும் இடத்தில் இறங்கு. அப்போது நீ மீன்களுக்குப் பின்னால் இருப்பாய். நேர் பின்புறம் ட்ரவுட்டின் கண்ணுக்கு எட்டாத ஒடுங்கிய பகுதி. அங்கிருந்து மேல்நோக்கி ஊர்ந்து போக வேண்டும். நீந்தாதே, ஊர்ந்து போ. முழங்கால் ஆழ நீரில் வயிறு தரையைத் தொடக் கிடந்து, ஒரு கல்லைப் பிடித்து உடம்பை இழுத்து, அடுத்த கல்லைப் பிடிக்க வேண்டும். காலில் துடுப்பு வேண்டாம். அது அடியிலுள்ள மண்டியைக் கிளப்பி, நீ பார்க்க வந்ததையே மறைத்துவிடும். கனடாவிலும் அமெரிக்காவின் மேற்கிலும் ஆற்று மீன்களை எண்ணும் உயிரியலாளர்கள் இப்படித்தான் கீழிருந்து மேலாக ஊர்ந்து எண்ணுகிறார்கள்.

இறங்குவதற்கு முன்பே கரையில் குனிந்து வா. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஏறத்தாழ 97 பாகை விரிந்த ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. நிமிர்ந்து நிற்பவர் அந்தச் சாளரத்தில் விழுந்துவிடுவார்; தாழ்ந்து வருபவர் அநேகமாகத் தப்பிவிடுவார். கரையில் பேசுவதால் பெரிய கேடு இல்லை. காலடி அதிர்வு அப்படியல்ல, பக்கக்கோடு என்ற உறுப்பின் வழியாக அது மீனின் உடம்புக்கே போய்ச் சேரும்.

இவ்வளவு செய்தும் மீன் ஓடலாம். ஓடட்டும். ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் கிட. முதலில் விரல் நீளக் குஞ்சுகள் வரும், பிறகு நடுத்தர மீன்கள். கடைசியாகப் பெரியது வந்து தன் பழைய இடத்திலேயே நிற்கும். மடுவில் இடம் பிடிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வேக நீரும் மந்த நீரும் உரசும் கோட்டில், மந்த நீர்ப் பக்கம், உணவு முதலில் வந்து சேரும் இடம் பெரியதற்கு. மற்றவை அதன் பின்னால். அந்தப் பெரியது ஒரு சாண் பக்கவாட்டில் சரிந்து, ஏதோ ஒன்றைக் கவ்வி, மீண்டும் அதே புள்ளிக்கு வரும். சில நேரம் கவ்வியது சுள்ளித் துண்டாக இருக்கும், உடனே துப்பிவிடும். அதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் நின்று பார்த்திருந்தால் நீரின் பளபளப்பில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

இன்னொன்றையும் கவனி. பாறைக்குப் பின்னால் நீர் சுழன்று திரும்பும் இடத்தில் ஒரு மீன் மட்டும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் நிற்பதைக் காணலாம். அது தான் நிற்கும் இடத்து ஓட்டத்தைத்தான் எதிர்த்து நிற்கிறது. அதன் முகத்தைப் பார்த்தே நீரின் சுழியைப் படித்துவிடலாம்.

உப்புவெளியிலிருந்து ஓர் இளைஞர்: அங்கே குளிர் எப்படி? நம் கடலில் இரண்டு மணி நேரம் மிதந்தாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

தம்பி, நம் கடல் 28 பாகை செல்சியஸ். நான் இறங்கிய ஓடைகள் ஆகஸ்டிலும் 10, 12 பாகைதான். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். இறங்கிய முதல் நிமிடத்தில் நம்மை அறியாமலே பெருமூச்சு இழுக்கும். முகம் நீருக்குள் இருந்தால் நீரையும் இழுத்துவிடும். ஆகவே முதலில் நின்றபடி கழுத்தையும் முகத்தையும் நனைத்து, மூச்சு சீரான பிறகுதான் குப்புறப் படுக்க வேண்டும். 5 முதல் 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள நீச்சல் உடை, தலையுறை, கையுறை, காலுறை எல்லாம் வேண்டும். அப்படியும் நான் அரை மணிக்கு மேல் கிடந்ததில்லை. விரல்கள் முகக்கண்ணாடியின் பட்டியைச் சரிசெய்ய மறுத்தால் உடனே கரையேறு. உலர்ந்த உடை, இனிப்பான சூடான தேநீர், பிறகு மெதுவான நடை. நம் கடலில் இரண்டு மணி நேரம் தாங்கும் உடம்பு அங்கேயும் தாங்கும் என்று தயவுசெய்து எண்ணாதே.

கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் மாணவியர் சிலர் மீன் பார்க்கப் பழக ஆசைப்படுகிறார்கள். உடலை முழுக்க மூடிய உடையில் முடியுமா, சேர்?

தாராளமாக முடியும். உடலோடு ஒட்டிய முழுக்கை நீச்சல் மேலாடையும் நீளக் காற்சட்டையும் தலையுறையும் கடலில் மிக நல்லவை. வெயிலும் சுடாது, சொறிமுட்டையும் (ஜெல்லி மீன்) எளிதில் தீண்டாது. அதற்கு மேல் முழங்கால் வரை ஒரு சட்டை போட்டுக்கொள்வதிலும் தடையில்லை. தொளதொளத்த துணியும் துப்பட்டாவும் மட்டும் வேண்டாம்; நீரை ஏந்தி உடம்பைக் கீழே இழுக்கும், மலை ஓடையிலோ கிளைகளில் மாட்டிக்கொள்ளும். முகக்கண்ணாடியின் ஓரத்துக்குள் தலையுறையின் துணி ஓர் இழைகூடப் போகக் கூடாது, போனால் நீர் ஒழுகும். பெண் பயிற்றுநர் ஒருவர் உடன் இருந்தால் பிள்ளைகள் கூச்சமின்றிப் பழகுவார்கள். ஏற்பாடு செய்ய முடியும், எழுதுங்கள்.

கண்ணாடி அணியும் ஒருவர், திருகோணமலை நகரம்: மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பார்வை அளவுக்கேற்ற வில்லை பொருத்திய முகக்கண்ணாடி கிடைக்கிறது, வாங்குங்கள். வாங்கும்போது பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. மூச்சுக்குழாய் நீளமாக இருந்தால் ஆழத்தில் மூச்சு விடலாம் என்று வேறொருவர் கேட்டிருந்தார். அப்படி நடக்காது. அரை மீற்றர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் நெஞ்சை எளிதில் விரியவிடாது, விட்ட மூச்சே குழாய்க்குள் திரும்பத் திரும்ப வரும்.

தலவாக்கலையிலிருந்து ஒருவர்: ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளிலும் ட்ரவுட் இருக்கிறதே, கனடாவுக்கு ஏன் போக வேண்டும்? நாங்கள் இங்கேயே இறங்கிப் பார்க்கலாமா?

வேண்டாம், ஐயா. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. 2010 இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே நடைபாதையை விட்டு விலகி ஓடையில் இறங்க இடமில்லை. சட்டத்தைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருக்கிறது.

ட்ரவுட் நம் நாட்டு மீனே அல்ல. தேயிலைத் தோட்டத் துரைமார் தூண்டில் விளையாட்டுக்காக 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்து விட்டவை. ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட்டை முதலில் விட்டார்கள். நிலைத்தது வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் ட்ரவுட்தான். 2,000 மீற்றருக்கு மேல் குளிர்ந்து ஓடும் நீர் அதற்கு ஒத்துப்போயிற்று. ஆனால் அதே ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிற்றிறால் வாழ்கிறது, ‘கரிடினா சிங்கலென்சிஸ்’ என்று அறிவியற்பெயர். நம் மலைக்கே உரிய தவளைகளின் வாற்பேத்தைகளும் அங்கே வளர்கின்றன. இவை ட்ரவுட் போன்ற வேட்டை மீனைப் பழகாமல் வளர்ந்த உயிர்கள். கனடாவில் ஊர்க்காரனாக நிற்கும் அதே மீன் இங்கே அழைக்காமல் வந்து குடியேறிய விருந்தாளி. அந்த மீனை எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் அதை அதன் சொந்த ஆற்றில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். சமவெளியின் பாலத்தில் நின்று தெளிந்த நீரைக் குனிந்து பாருங்கள், அது போதும். அந்த இறாலின் வீட்டை நம் கால் மிதிக்க வேண்டாம்.

நிலாவெளியிலிருந்து ஒரு மீனவர்: ட்ரவுட்டில் எத்தனை இனம்? எப்படி இனம் பிரிப்பது?

அண்ணை, பல இனங்கள் உண்டு. நான் பார்த்ததைச் சொல்கிறேன். வானவில் ட்ரவுட்டுக்கு விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை, வால் முழுவதும் கறுப்புப் புள்ளி. தாடைக்கு அடியில் செம்மஞ்சள் கீறல் இருந்தால் அது வெட்டுக்கழுத்து ட்ரவுட். பழுப்பு ட்ரவுட்டின் விலாவில் வெளிர் வளையமிட்ட சிவப்புப் புள்ளிகள் இருக்கும், வாலில் புள்ளி அரிது. குஞ்சுகளுக்கு விரலால் மை தொட்டு வைத்ததுபோல் விலாவில் கருநீல அடையாளங்கள் வரிசையாக இருக்கும். அளவைச் சொல்லும்போது மட்டும் கவனம் தேவை. நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். நீங்கள் கடலில் கண்ட கறுப்புமுனைச் சுறாவுக்கும் இதே கணக்குத்தான்.

ஒரு தந்தை, திருகோணமலை: மகன் மேற்படிப்புக்காக வெளிநாடு போகிறான். அவனுக்கு இந்த ஆசை வந்துவிட்டது. எது எதற்கு அஞ்ச வேண்டும்?

முதலில் மரம். ஓடையின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரக்கிளைகள் வடிகட்டிபோல நீரை விட்டுவிட்டு மனிதனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நீர் அதை நோக்கி வரும் பக்கம் எந்த நாளும் இறங்கக் கூடாது. அடுத்தது கால் சிக்குவது. வேக நீரில் எழுந்து நடந்தால் பாதம் இரு கற்களுக்கிடையில் மாட்டும், நீர் உடம்பைக் குப்புறத் தள்ளிவிடும். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வானம் நீலமாக இருந்தாலும் நீர் ஏறும். நீர் கலங்கத் தொடங்கிய கணமே கரையேற வேண்டும். தனியாகப் போகவே கூடாது, ஒருவர் கரையில் இருக்க வேண்டும்.

மீனுக்கும் நம்மால் ஆபத்து உண்டு என்பதை அவனிடம் சொல்லுங்கள். பெண் ட்ரவுட் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்துச் சரளைக்கல்லில் குழி பறித்து முட்டையிடும். பாசியில்லாமல் வெளுத்துத் தெரியும் சரளைத் திட்டு அதன் தொட்டில், அதை மிதிக்கக் கூடாது. வானவில் ட்ரவுட் இளவேனிலிலும் பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலத்திலும் முட்டையிடும். அந்த நாட்களில் இறங்காமல் இருப்பதே மரியாதை. ஓர் ஓடையின் சேற்றோடு இன்னோர் ஓடைக்கும் போகக் கூடாது. ட்ரவுட் குஞ்சுகளை வட்டமடிக்க வைத்துக் கொல்லும் சுழல் நோயின் ஒட்டுண்ணி சேற்றில்தான் பயணம் செய்கிறது. உடையையும் காலணியையும் கழுவி, முற்றாக உலர்த்திய பிறகே அடுத்த நீரில் நனைக்க வேண்டும்.

மூதூரிலிருந்து ஒரு மாணவன்: மாமா, மகாவலி ஆறு மலையிலிருந்துதானே எங்கள் ஊருக்கு வருகிறது? அப்படியென்றால் ட்ரவுட் ஒருநாள் கொட்டியாரக் குடாவுக்கு வருமா?

நல்ல கேள்வி, தம்பி. உன் சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கிறது. வானவில் ட்ரவுட்டில் ஒரு பிரிவு, தன் சொந்த நாட்டில், ஆற்றில் பிறந்து பசிபிக் கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்புகிறது. எனவே உப்புநீர் அதற்குத் தடை இல்லை. தடையாக இருப்பது வெப்பம். நீர் 20 பாகையைத் தாண்டினால் ட்ரவுட் தவிக்கும், 25 பாகையளவில் இறந்துவிடும். குளிர்ந்த நீரில்தான் ஒட்சிசன் அதிகம் கரையும்: கடல்மட்டத்தில் 10 பாகை நன்னீரில் லீற்றருக்கு 11 மில்லிகிராம், 30 பாகையில் ஏழரை மட்டுமே. இறங்கி வரும் வழியில் பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று அணைகளும் இருக்கின்றன. விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம்.

மீன் வராது. நீர் வருகிறது. ஹோர்ட்டன் சமவெளியின் பனியும் மழையும் ஊறிப் பெருகும் நீரில் ஒரு பங்கு 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலியில் சேர்ந்து, வயல்களுக்குப் போனது போக, உங்கள் ஊருக்கு அருகில் கடலில் கலக்கிறது. அங்கே மேலே தோட்டத்து மருந்து கலந்தால் இங்கே கீழே உன் அப்பாவின் வலைக்கும் அது வந்து சேரும்.

ஆனால் முகத்துவாரத்தில் முகக்கண்ணாடியோடு இறங்கிவிடாதே. நீர் கலங்கல், முதலை உண்டு, மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. வைகாசி முதல் புரட்டாதி வரை நம் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு, காற்று எழும்புவதற்கு முன், அப்பாவோடு உப்புவெளிக் கரைக்கு வா. உன் முகத்துக்குப் பொருந்தும் சிறிய முகக்கண்ணாடி ஒன்று என்னிடம் இருக்கிறது.