பெட்ரோல் போட்டதும் இன்ஜின் உதறுகிறதா? கேள்வி பதில்

பெட்ரோல் போட்ட பிறகு ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவது) சரியில்லை என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, டேங்க் நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உடனே பிடிப்பதில்லை. பிடித்தாலும் ஒன்றிரண்டு நிமிடம் உதறி, ஆர்பிஎம் ஏறி இறங்கி, அப்புறம் சரியாகிவிடுகிறது. மற்ற நேரத்தில் ஒரு குறையும் இல்லை. கலப்பட பெட்ரோலா?

இல்லை. டேங்கில் புதுப் பெட்ரோல் இறங்கியிருந்தாலும் அந்த முதல் நொடிகளில் இன்ஜின் குடிப்பது பைப்பில் ஏற்கெனவே நின்ற பழைய பெட்ரோலைத்தான். அதோடு, கெட்ட பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் நல்லதாகிவிடாது. என் சந்தேகம் பர்ஜ் வால்வு மேல்.

டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் கேனிஸ்டர் என்ற கரி நிரப்பிய டப்பாவில் தங்குகிறது. வண்டி ஓடும்போது ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தேவைப்பட்ட நேரத்தில் பர்ஜ் வால்வைத் திறந்து, அந்த ஆவியை இன்ஜினுக்குள் இழுத்து எரிக்கிறது. கரன்ட் வராதபோது இந்த வால்வு இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? பெட்ரோல் நிரப்பும்போது டேங்கிலிருந்த ஆவி கேனிஸ்டருக்குத் தள்ளப்படுகிறது. நீங்கள் ஸ்டார்ட் செய்ததும் அந்த ஆவி கட்டுப்பாடில்லாமல் இன்ஜினுக்குள் பாய்கிறது. கலவையில் பெட்ரோல் மிகுந்து, இன்ஜின் திணறுகிறது. ஆவி குறைந்ததும், இன்ஜெக்டர் பீய்ச்சும் பெட்ரோல் அளவை ஈசியூ குறைத்துச் சமாளித்ததும், எதுவும் நடக்காததுபோல ஓடுகிறது.

கேள்வி: இதை நானே சோதிக்க முடியுமா, சார்?

தாராளமாக. வால்வு பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) பக்கத்தில் இருக்கும்; இரண்டு ஹோஸ், ஒரு மின் கனெக்டர். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கனெக்டரைக் கழற்றுங்கள். கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸையும் வால்விலிருந்து எடுங்கள். ஸ்டார்ட் செய்து, வால்வின் அந்த வாயில் விரலை வையுங்கள். கரன்ட் இல்லாத வால்வு துளியும் இழுக்கக் கூடாது. இழுத்தால் மாற்ற வேண்டியதுதான். கனெக்டரைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மாட்டியிருந்தால் ஈசியூவே வால்வைத் துடிக்க வைக்கும், நல்ல வால்வும் கெட்டதாகத் தெரியும். கழற்றி ஓட்டியதால் செக் இன்ஜின் விளக்கு எரியலாம், பயப்பட வேண்டாம். பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ வேண்டவே வேண்டாம், வருவது பெட்ரோல் ஆவி.

கேள்வி: ஸ்பார்க் பிளக் மாற்றி, த்ராட்டில் பாடியும் சுத்தம் செய்தாயிற்று. இப்போது இன்ஜெக்டர் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

கொஞ்சம் பொறுங்கள். டேங்க் நிரம்பியது ஸ்பார்க் பிளக்குக்கும் தெரியாது, இன்ஜெக்டருக்கும் தெரியாது. பெட்ரோல் போட்டால் மட்டும் வரும் கோளாறுக்கு இவற்றை மாற்றுவது பண விரயம், எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். முதலில் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். பி0496, பி0441 என்ற கோளாறுக் குறியீடு (கோட்) இருந்தால் பர்ஜ் பக்கம் போங்கள். பி0172 என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். குறியீடு எதுவும் இல்லாவிட்டாலும், பெட்ரோல் போட்ட கையோடு ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) பாருங்கள். அது பெரிய மைனஸில் போய், மெல்லப் பூஜ்யத்தை நோக்கித் திரும்பினால் ஆவிதான் காரணம்.

கேள்வி: புது பர்ஜ் வால்வு போட்டேன். கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை.

பழைய வால்வை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். கருப்புத் துகள் விழுந்தால் கேனிஸ்டருக்குள் கரி உடைந்திருக்கிறது. எத்தனை வால்வு போட்டாலும் அந்தத் துகள் சிக்கி, மூடவிடாது. கேனிஸ்டரை மாற்றி, இடையிலுள்ள பைப்பையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன்: பங்க்கில் பெட்ரோல் நாசில் 'டக்' என்று நின்ற பிறகும் விளிம்புவரை ஊற்றச் சொல்கிறீர்களா? ஆவிக்கான கேனிஸ்டருக்குள் பெட்ரோலே போய்விடும். முதல் 'டக்'கோடு நிறுத்துங்கள்.

கேள்வி: எனக்கு அப்படி இல்லை. நன்றாகக் கிளம்பியது, சில கிலோமீட்டரில் உதற ஆரம்பித்தது. உதறல் நிற்கவே இல்லை, செக் இன்ஜின் விளக்கும் மின்னுகிறது.

இதில் பெட்ரோலையே சந்தேகிக்கலாம். புதுப் பெட்ரோல் இன்ஜினை எட்டிய பிறகுதானே கோளாறு வந்திருக்கிறது. விளக்கு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

டேங்கிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் சிறிதளவு தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இந்த நிலையில் டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்து எதுவும் உதவாது, டேங்கைக் காலி செய்ய வேண்டும். பில்லையும் சாம்பிளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீசல் வண்டியில் தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். ஸ்டார்ட் செய்யவில்லை.

நல்ல வேளை. சாவியைக்கூடத் திருப்பாதீர்கள், பல வண்டிகளில் சாவி போட்டதுமே டேங்க் பம்ப் ஓடத் தொடங்கும். உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு. டேங்கை வடித்த பிறகே ஸ்டார்ட்.

கேள்வி: டேங்க் மூடியைச் சரியாக மூடாவிட்டால் உதறுமா?

பெரும்பாலும் செக் இன்ஜின் விளக்கு மட்டும் எரியும்.

கேள்வி: அண்ணா, வால்வு மாற்றும்வரை பெட்ரோல் போட்ட இடத்திலேயே நின்றுபோனால் என்ன செய்வது?

ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். பல பெட்ரோல் வண்டிகளில் இப்படிச் செய்தால் ஈசியூ இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். காற்று மட்டும் உள்ளே போய் மிகுந்த ஆவியை வெளியேற்றும். இன்ஜின் பிடித்த உடனே காலை எடுத்துவிடுங்கள். அதுவரை டேங்கை முழுதாக நிரப்பாமல், பாதி பாதியாகப் போட்டு ஓட்டுங்கள். தள்ளப்படும் ஆவி குறையும், உதறலும் குறையும்.