போர்ட்டல் வெயினை அடைச்சா பித்தக் குழாய் கெட்டுப்போயிடுமா?

ஒருத்தர் கேட்டிருக்கார்: "அப்பாவுக்கு கல்லீரல்ல வலது பக்கம் கட்டி. அதை எடுத்துட்டா மிச்சம் இருக்குற இடது பக்கம் ரொம்ப சின்னதா இருக்காம், அதனால முதல்ல வலது பக்கத்துக்குப் போற போர்ட்டல் வெயினை அடைச்சுட்டு ஒரு மாசம் கழிச்சு ஆபரேஷன்னு சொல்றாங்க. ரத்தத்தை நிறுத்தினா அந்தப் பக்கம் உள்ளயே அழுகிடாதா? பித்தக் குழாயும் சேர்ந்து போயிடாதா?"

பயம் நியாயம்தாங்க. கிட்னிக்குப் போற ரத்தக் குழாய அடைச்சா கிட்னி போயிடும், அப்போ கல்லீரலும் அப்படித்தானேன்னு யாருக்குமே தோணும். ஆனா கல்லீரலுக்கு ரத்தம் ரெண்டு வழியா வருது. குடல்லேருந்தும் மண்ணீரல்லேருந்தும் வர்ற போர்ட்டல் வெயின் கிட்டத்தட்ட 75 சதவீத ரத்தத்தைக் கொண்டு வருது, மிச்சம் ஹெபாடிக் ஆர்ட்டரி, அதாவது கல்லீரலுக்குப் போற தமனி வழியா வருது. அளவு கம்மின்னாலும் ஆர்ட்டரி ரத்தத்துல ஆக்சிஜன் அதிகம், அதனால கல்லீரலோட ஆக்சிஜன் தேவைல பாதி அளவுக்கு அதுவே குடுத்துடுது.

இதுல ரொம்ப அழகான விஷயம் ஒண்ணு இருக்கு. போர்ட்டல் ரத்தம் குறைஞ்சா அடினோசின்னு ஒரு பொருள் அங்க சேர ஆரம்பிக்கும், அது ஆர்ட்டரிய விரிச்சு விட்டுடும், ஆர்ட்டரி ரத்தம் தானா கூடிடும். அதனால அடைச்ச பக்கம் அழுகாது, மெதுவா சுருங்கும். போர்ட்டல் ரத்தம் முழுக்க இப்போ இடது பக்கத்துக்கே போறதால, கணையத்துலேருந்து வர்ற இன்சுலின் மாதிரி வளரத் தூண்டுற பொருளெல்லாம் அதோட சேர்ந்து அங்க போய் 4 லேருந்து 6 வாரத்துல அந்தப் பக்கம் பெருசாகும். முயல்ல போர்ட்டல் கிளையக் கட்டினா இப்படி ஆகுதுன்னு 1920லயே காட்டிட்டாங்க.

இப்போ பித்தக் குழாய். கல்லீரல் செல்லுக்கு ரெண்டு ரத்தமும் கிடைக்கும், ஆனா பித்தக் குழாய் சுவருக்கு சோறு போடுறது ஆர்ட்டரிதான், அதைச் சுத்தி வலை மாதிரி பின்னியிருக்குற சின்னச் சின்ன ஆர்ட்டரிகள். அதனால வலது பக்க போர்ட்டல் வெயின மட்டும் அடைச்சா குழாய் பொதுவா தப்பிச்சுடும், கல்லீரல் சுருங்குறதால அந்தப் பக்கக் குழாய்கள் ஸ்கேன்ல நெருக்கமா தெரியலாம், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது ஆர்ட்டரி அடைபட்டாதான். கல்லீரல் மாற்று ஆபரேஷன்ல இதைக் கண்கூடா பாக்குறோம். சொந்தக் கல்லீரலுக்கு அக்கம்பக்கத்துலேருந்து மாற்று ரத்தக் குழாய் வந்து உதவும், புதுசா வெச்ச கல்லீரலுக்கு அது எதுவும் இல்ல, அங்க ஆர்ட்டரில ரத்தம் உறைஞ்சா போர்ட்டல் ரத்தத்துல செல் தாக்குப்பிடிச்சாலும் குழாய் செத்துப்போய் சுருக்கம், பித்தக் கசிவு, சீழ்னு வரிசையா வரும். அதனாலதான் மாற்று செஞ்ச முதல் சில நாள் ரத்தம் ஓடுதான்னு பாக்குற டாப்ளர் ஸ்கேன திரும்பத் திரும்ப எடுக்குறோம்.

கட்டிக்கு ஆர்ட்டரி வழியாவும் மருந்து வெச்சு அடைக்கப்போறாங்கன்னா, அதையும் போர்ட்டல் அடைப்பையும் ஒரே நாள்ல செய்யாம நடுவுல சில வாரம் விடுறதுதான் வழக்கம், ரெண்டு வழியும் ஒண்ணா அடைபட்டா நீங்க பயந்த அதே நிலைமைதான். இதைக் கட்டாயம் கேளுங்க.

இன்னொரு அபூர்வமான சிக்கல், உறைஞ்ச ரத்தம் வலது கிளையோட நிக்காம மெயின் போர்ட்டல் வெயினுக்குப் பரவுறது. அங்க அடைப்பு நீடிச்சா பித்தக் குழாயச் சுத்தி இருக்குற வெயின்கள் புடைச்சு குழாயையே வெளியிலேருந்து அமுக்கலாம்.

டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டுக்குங்க. மிச்சம் இருக்கப்போற பாகம் இப்போ எத்தனை சதவீதம்? நல்ல கல்லீரலா இருந்தா 20-25 போதும், கீமோ எடுத்திருந்தா 30, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பாகி இறுகிப்போறது) இருந்தா 40 எதிர்பார்ப்போம். அப்புறம் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை இருக்கான்னு பாருங்க, இருந்தா வளரப்போற பக்கத்துப் பித்தத்தை முதல்ல ஸ்டென்டோ டியூபோ வெச்சு இறக்கணும், பித்தம் தேங்கி நிக்குற கல்லீரல் சரியா வளராது.

அடைச்ச பிறகு ரெண்டு மூணு நாள் லேசான வலி, காய்ச்சல் வரலாம். குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், கண்ணு மஞ்சளாறது, தாங்க முடியாத வயித்து வலி, இதுல எது வந்தாலும் செக்கப் தேதிக்குக் காத்திருக்காம அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.