தேவசித்தமும் தியாகக் காணிக்கையும்

கேள்வி: உபவாச ஜெபத்தின் முடிவில், புதிய ஆலயம் கட்டுவதே தேவசித்தம் என்று எங்கள் சபைக் கமிட்டியார் அறிவித்துவிட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாத வருமானத்தைத் தியாகக் காணிக்கையாகத் தர வேண்டுமாம். தராதவர்களின் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறுகிறது. இட்லி விற்றுப் பிழைக்கும் நான் வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது கீழ்ப்படியாமையா?
– ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: இல்லை. கடன் வாங்கிக் காணிக்கை போடும்படி எந்த அப்போஸ்தலரும் எந்தச் சபைக்கும் எழுதவில்லை. கொரிந்தியருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் 8, 9 அதிகாரங்களை உங்கள் கமிட்டியார் நிதானமாக வாசிக்கட்டும். கொடிய தரித்திரத்திலும் வாரிக் கொடுத்த மக்கெதோனியச் சபைகளை மெச்சுகிற அதே பவுல், ஒருவனிடம் இல்லாததைக் கேட்கவில்லை என்றும், மற்றவர்களுடைய சுமையை இறக்கி உங்கள் தலையில் ஏற்றுவது தம் நோக்கமல்ல என்றும், கட்டாயத்தின்பேரில் எவரும் கொடுக்க வேண்டாம் என்றும் தெளிவாகவே சொல்கிறார். மக்கெதோனியர் கொடுத்ததும் தங்களுக்குக் கட்டடம் எழுப்ப அல்ல. எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காக.

தன் ஜீவனத்துக்கு இருந்ததையெல்லாம் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையின் இரண்டு காசை உங்களுக்கு எடுத்துக்காட்டியிருப்பார்கள். (அதை விட்டுவிடும் காணிக்கைப் பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.) விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டித்தது அதற்குச் சற்று முன்னால், மாற்கு 12ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அந்த வசனம் மட்டும் மேடைக்கு வருவதில்லை.

தேவசித்தத்தைத் தேடுவதில் தவறில்லை. அந்தியோகியா சபையும் உபவாசித்துத்தான் ஜெபித்தது. ஆனால் அதற்குக் கிடைத்த வழிநடத்துதல், தன்னிடமிருந்த பர்னபாவையும் சவுலையும் (மேலே சொன்ன பவுல்தான்) வேறு ஊர்களுக்கு அனுப்பிவிடு என்பதாக இருந்தது. தாராவித் தமிழரில் பலரைப் போல உங்கள் சபையாரிலும் பலருக்குத் திருநெல்வேலிச் சீமையே பூர்வீகமாக இருக்கும். அங்குள்ள கிறிஸ்தவர்கள் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல், தங்கள் காணிக்கையைக் கொண்டே ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, பிறர் போகட்டும் என்று ஊரில் உட்கார்ந்திருக்காமல், 1909இல் தாமே அங்கே போய்த் தெலுங்கு மக்களிடையே வாழ்ந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தியாகத்தைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி இருந்தது.

ஆலயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே ஆராதிக்கச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் விடியுமுன் மாவு ஊற்றி, ஆவி பறக்கும் பாத்திரத்தைச் சுமந்துபோய் விற்கும் பெண்ணின் ஒரு மாத வருமானமும், வங்கியில் சேமிப்பு வைத்திருப்பவரின் ஒரு மாத வருமானமும் ஒன்றாகிவிடாது. பலிபீடம் கட்டக் கேட்கப்பட்ட தன் களத்தை அரவுனா என்பவர் இலவசமாகத் தர முன்வந்தபோது, செலவில்லாமல் பலியிட மாட்டேன் என்ற தாவீது ராஜா, ஐம்பது சேக்கல் வெள்ளியைத் தாமே கொடுத்து வாங்கினார். குடிகளிடம் வரி போட்டு வசூலிக்கவில்லை.

ஆகவே வட்டிக்காரரிடம் போகாதீர்கள். உங்கள் மனதில் நியமித்ததைக் காணிக்கையாகப் போடுங்கள். பலகையைப் பற்றி ஆயரிடம் நேரில் பேசுங்கள். அவர் செவிகொடுக்காவிட்டால், கமிட்டியார் ஒவ்வொருவரும் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை அதே பலகையில் முதலில் எழுதிப் போடும்படி சபைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.