நண்பருக்குச் சொல்லும் பாட்டும் புத்தகமும்

வாசகர் கேள்வி – பதில்

நண்பர்களுக்குப் பாட்டையும் புத்தகத்தையும் பரிந்துரைப்பது என்ற ஏறக்குறைய ஒரே பொருளைப் பற்றிச் சேலம் மாவட்டத்திலிருந்து சில கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றை ஒன்றாகத் தொகுத்து இந்த இதழில் பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆலய வாலிபர் ஐக்கியத்தில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். மாதந்தோறும், பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீன இசைக்கலைஞர்களின் ஆல்பங்களையும் கிறிஸ்தவப் புத்தகங்களையும் பட்டியலிட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறேன். விலை குறைந்தவற்றையே தேடித் தருகிறேன். இருந்தும் ஒருவரும் கேட்பதில்லை, படிப்பதில்லை. மாதம் ₹300-க்கு மேல் எவராலும் செலவழிக்க முடியாது. எதை, எப்படிப் பரிந்துரைப்பது?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் உழைப்பில் குறையில்லை, அதைப் பட்டியலாக அனுப்புவதுதான் குறை. பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியல் எல்லோருக்கும் பொதுவாகப் போய்ச் சேரும்போது, அது தனக்காக எழுதப்பட்டது என்று எவருக்கும் தோன்றுவதில்லை. மலிவு என்பதற்காக ஒருவர் ஒரு புத்தகத்தை வாங்கக்கூடும். அதற்காகவே அதைப் படித்துவிட மாட்டார். எனவே குழுவில் அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஒரு மாதத்தில் ஒருவருக்கு ஒன்றை மட்டும், அதை ஏன் அவருக்குச் சொல்கிறீர்கள் என்ற காரணத்தோடும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற குறிப்போடும் தனியாகச் சொல்லிப் பாருங்கள். விலையைக் கடைசியில் சொன்னால் போதும்.

வேதாகமக் கதைகளை ஞாயிறு பள்ளியிலிருந்தே அறிந்த, ஆனால் ஆலயப் பாடல்களில் சலிப்படைந்த ஒரு நண்பர் உங்களுக்கு இருந்தால், அமெரிக்கக் கலைஞர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2004இல் வெளியிட்ட 'செவன் ஸ்வான்ஸ்' ஆல்பத்தை அவரிடம் சொல்லலாம். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் தணிந்த குரலுமாக அமைந்த அதில் ஆபிரகாமைப் பற்றி ஒரு பாடலும், இயேசு மலையில் மறுரூபமடைந்ததைப் பற்றி ஒரு பாடலும் உண்டு. மறுரூபப் பாடல் ஆல்பத்தின் கடைசியில் வருவது. அதையே முதலில் கேட்கச் சொல்லுங்கள். அதே கலைஞரின் 2015ஆம் ஆண்டு ஆல்பமான 'கேரி அண்ட் லோவெல்' அவருடைய தாயின் மரணத்தைப் பற்றியது. தாயையோ தந்தையையோ இழந்த நண்பருக்கு அது துணையாகலாம். ஆனால் துக்க வீட்டில் சொல்லப்படும் ஆறுதல் வசனங்களை எதிர்பார்ப்பவரை அது கலங்கடிக்கும். ஆகவே கொடுப்பதற்கு முன் நீங்கள் முழுவதும் கேட்டுவிடுவது அவசியம். நாட்டுப்புறச் சாயலையும் ராப்பையும் ஒரே மூச்சில் விரும்பும் நண்பருக்கு ஜாஷ் கேரல்ஸ் ஏற்றவர். அவர் 2011இல் வெளியிட்ட 'லவ் அண்ட் வார் அண்ட் தி சீ இன் பிட்வீன்' என்ற பதினெட்டுப் பாடல் கொண்ட ஆல்பத்தை, கேட்பவர்கள் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளக் கொடுத்தார்.

கிறிஸ்தவ நண்பருக்குக் கிறிஸ்தவ இசை மட்டுமே என்று வேலி போட வேண்டியதில்லை என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். ராப் பாடகர் அறிவும் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தில் ஒலிக்கும் சமூகக் கோபம், வேதாகமத்தில் அநீதியைக் கண்டித்துப் பேசும் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் படித்த எவருக்கும் அந்நியமாக இராது. தமிழில் சுயாதீன இசை எங்கே இருக்கிறது என்று கேட்கும் நண்பருக்கு அதுவே நல்ல தொடக்கம்.

ஆங்கிலத்தில் வாசிக்கும் மாணவருக்கு முதல் புத்தகமாக நான் சொல்வது பிரிட்டிஷ் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1942இல் வெளியிட்ட 'தி ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்'. அனுபவசாலியான ஒரு பிசாசு, ஒரு மனிதனை எப்படி வழி தவறச் செய்வது என்று தன் மருமகனான இளம் பிசாசுக்கு எழுதும் 31 கடிதங்கள் அவை. அஸ்தம்பட்டியில் பேருந்து ஏறி ஜங்ஷனில் இறங்குவதற்குள் ஒரு கடிதத்தை முடித்துவிடலாம். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கும், ஒரே வீட்டை நால்வர் பங்கிட்டு வாழ்பவருக்கும் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் 1939இல் வெளியிட்ட 'லைஃப் டுகெதர்' பொருந்தும். நாஜி ஆட்சி மூடிய ஒரு சிறு இறையியல் பள்ளியில் மாணவர்களோடு கூடி வாழ்ந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதியது அது. பிறரோடு சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பேசும் அந்த நூல், தனித்திருக்கத் தெரியாதவர் கூட்டுறவைக் குறித்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விடுதி மாணவர்கள் தங்களுக்குள் விவாதிக்க அந்த ஓர் இடமே போதும்.

இனி ₹300 கணக்கு. பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் கலைஞர்களே தங்கள் ஆல்பங்களுக்கு விலை வைக்கிறார்கள். கேட்பவரே விரும்பிய விலையைத் தரலாம் என்று விட்டுவிடுபவர்களும் அவர்களில் உண்டு. வாங்குவதற்கு முன் பாடல்களைக் கேட்டுப் பார்க்கலாம்; வாங்கியதை ஒரு நண்பருக்குப் பரிசாகவும் அனுப்பலாம். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம்; பணப் பரிமாற்றச் செலவும் கழிந்து, சராசரியாக நூற்றுக்கு 82 பங்கு கலைஞருக்கோ அவருடைய இசை வெளியீட்டாளருக்கோ போய்ச் சேர்வதாகத் தளம் சொல்கிறது. உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயங்கவில்லை என்றால் அட்டையில் பழுது என்று எண்ண வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020இலிருந்து புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வங்கிச் செயலியில் நீங்களே அதை இயக்கிக்கொள்ளலாம், தேவை முடிந்ததும் அணைத்தும் விடலாம். புத்தகங்களைப் பொறுத்தவரை, ஆறு பேர் ஆளுக்கு ₹50 போட்டு ஒரு பிரதி வாங்கிக் கைமாற்றிப் படிப்பதே உங்கள் ஐக்கியத்துக்கு ஏற்ற வழி. யார் கையில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இல்லையேல் இரண்டாம் கைக்குப் போன புத்தகம் அங்கேயே தங்கிவிடும்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். உடன் பணிபுரியும் நண்பர் தமிழ் மட்டுமே வாசிப்பவர், பாட்டிலும் ஆர்வமுள்ளவர். அவருக்கு நல்ல கிறிஸ்தவ நூல்களைச் சொல்ல விரும்புகிறேன். வாங்குவதானால் கீழே இறங்க வேண்டும். இணையமும் எப்போதும் கிடைப்பதில்லை.
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: தமிழ் மட்டும் வாசிப்பவருக்குப் பரிந்துரைப்பது எளிது என்றே நான் சொல்வேன், ஏனெனில் நம்மிடம் இருப்பதில் மிகச் சிறந்தவை பல, காப்புரிமைக் காலம் கடந்து இலவசமாகக் கிடைப்பவை. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டுக் கதையைத் தழுவி எழுந்த தமிழ்க் காப்பியம். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் தோய்ந்தவர் பாடியது என்பதை அதன் விருத்தங்களின் ஓசையே காட்டிக்கொடுக்கும். ஆனால் அதை முதலில் கொடுக்காதீர்கள். பனியனின் கதை 'மோட்ச பிரயாணம்' என்ற பெயரில் தமிழ் உரைநடையில் நெடுங்காலமாகக் கிடைத்து வருகிறது. பாவச் சுமையை முதுகில் தாங்கி ஊரை விட்டுப் புறப்படும் ஒருவனின் கதை என்பதால் நாவல் படித்துப் பழகியவர் நிறுத்தாமல் படிப்பார். கதை மனத்தில் நின்றபின் காப்பியத்துக்கு வந்தால் செய்யுள் மிரட்டாது. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'இரட்சணிய யாத்திரிக'த்தின் ஒரு பகுதி சொற்பொருளோடு இடம்பெற்றிருக்கிறது. தோட்டத்தில் எவர் வீட்டுப் பிள்ளையாவது அந்த வகுப்பைப் படித்து முடித்திருந்தால், அந்தப் புத்தகத்தையே இரவல் வாங்கி அந்தப் பக்கங்களை நண்பருக்குக் காட்டிப் பாருங்கள். அவர் அதைச் சுவைக்கிறார் என்றால் முழு நூலுக்குப் போகலாம்.

பாட்டில் ஆர்வமுள்ளவர் என்கிறீர்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளை ஆலயத்தில் அவர் பாடியே இருப்பார்; இயற்றியவர் பெயர் தெரியாமலும் இருக்கலாம். அதே கையால் எழுதப்பட்ட 'பெத்லகேம் குறவஞ்சி'யை அவருக்கு அறிமுகப்படுத்துங்கள். தேவமோகினி என்ற தலைவி, அவளுக்குக் குறி சொல்ல வரும் குறத்தி என்று குற்றாலக் குறவஞ்சியின் அமைப்பிலேயே கிறிஸ்துவின் மீதான காதலைப் பாடுவது அது. குறி சொல்லும் பகுதியை உரக்க வாசித்தால்தான் அதன் துள்ளல் தெரியும்.

1998 முதல் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தந்துவரும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில், வீரமாமுனிவரின் 'தேம்பாவணி' உள்ளிட்ட நூல்களைத் தேடலாம். சேலத்துக்கு இறங்கும் நாளில் இவற்றைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு மலையேறுங்கள். நூல்கள் இடத்தை அதிகம் அடைக்காது. இசைக்குத்தான் கணக்கு வேண்டும். உயர்தர எம்பி3 வடிவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.4 எம்பி ஆகும் என்பதால், நாற்பது நிமிட ஆல்பம் 100 எம்பிக்குச் சற்றுக் குறைவாக முடியும். ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வடிவம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். சாதாரண காதொலிப்பானில் கேட்பவருக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை.

அச்சுப் புத்தகமே வேண்டுமென்றால், 1858இல் தொடங்கிய கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் போன்ற சென்னைப் பதிப்பகங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அஞ்சலில் வரவழைக்கலாம். அஞ்சல் துறை 2025 மே முதல் நடத்தும் 'கியான் போஸ்ட்' சேவையில் பாடநூல்களோடு சமய, பண்பாட்டு நூல்களையும் அனுப்பலாம். 300 கிராம் வரை ₹20, அதிக அளவான 5 கிலோவுக்கு ₹100, வரி தனி என்று அப்போது கட்டணம் வைத்தார்கள். இருநூறு பக்கச் சிறு நூல் பெரும்பாலும் 300 கிராமுக்குள் அடங்கிவிடும். தரை வழியாகவே வருவதால் விரைவை எதிர்பார்க்க வேண்டாம். பேருந்துக் கட்டணம் கொடுத்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறுவதை எண்ணினால் இது சிக்கனம்.

கேள்வி: என் நண்பர் ஒருவர் கிறிஸ்தவப் புத்தகங்களின் பிடிஎஃப்களையும் ஆல்பங்களின் எம்பி3 கோப்புகளையும் குழுவில் பகிர்கிறார். 'சுவிசேஷம் விலைக்கு அல்ல' என்கிறார். இது சரியா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: சுவிசேஷத்துக்கு விலையில்லை, அச்சுக்கூலியும் ஒலிப்பதிவுக் கூட வாடகையும் உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை நூலுக்குக் காப்புரிமை இருக்கிறது. வேதநாயக சாஸ்திரியாரையும் கிருஷ்ணபிள்ளையையும் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். டோனாவூரில் வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1951இல் இறந்தார். தம் வாழ்நாளில் அவர் வெளியிட்ட ஆங்கில நூல்களையும் இந்தியாவில் தடையின்றிப் பகிரலாம். லூயிஸ் 1963இல் இறந்தவர் என்பதால், அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்த நூல்கள் 2024 ஜனவரியிலிருந்து இங்கே பொதுவுடைமை. ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருப்பதை உங்கள் நண்பர் மறந்துவிடுகிறார். போன்ஹோஃபர் 1945இல் கொல்லப்பட்டார், ஜெர்மன் மூலம் பொதுவாகிவிட்டது. அண்மையில் ஒருவர் அதைத் தமிழாக்கியிருந்தால் அது அவருடைய சொத்து.

இசையில் இழப்பு இன்னும் நேரடியானது. ஸ்பாட்டிஃபை தளம், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு உரிமைத்தொகை தருவதில்லை என்று 2024இல் விதி வைத்தது. நூறு பேர் கொண்ட குழு ஒரு சிறு கலைஞரின் பாடலைக் கோப்பாகப் பெறாமல் அவருடைய பக்கத்துக்கே போய் ஆளுக்குப் பத்து முறை கேட்டால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதனால் கோப்புக்குப் பதில் இணைப்பை அனுப்பச் சொல்லுங்கள்; அனுப்புபவருக்கும் அது குறைந்த வேலைதான்.

கேள்வி: என் நெருங்கிய தோழி இந்து. அவளுக்குக் கிறிஸ்தவப் புத்தகத்தைப் பரிந்துரைத்தால் மதம் மாற்ற முயல்வதாக நினைப்பாளோ?
– ஒரு வாசகி, அரிசிப்பாளையம்

பதில்: அவர் கேட்காதவரை கொடுக்க வேண்டாம், நீங்கள் படித்துக்கொண்டிருப்பதைப் பற்றிப் பேசுங்கள், கேட்டால் கொடுங்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை (1826–1889) 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' எழுதினார். எம்மதத்தவரும் பாடக்கூடிய அவற்றில் ஒன்றை இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம். உங்கள் தோழி கொடுக்கும் புத்தகத்தை நீங்களும் படிக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: வாலிபர் ஆராதனையில் சுயாதீனக் கலைஞர்களின் பாடல்களை ஒலிக்க விரும்புகிறோம். 'இது சபைக்கு ஏற்ற இசை அல்ல' என்கிறார் எங்கள் மூப்பர்.
– வாலிபர் ஐக்கியத்தார், சேலம்

பதில்: மூப்பரின் தயக்கத்தில் ஓரளவு நியாயம் உண்டு. தனியே கேட்கத் தகுந்த பாடல்கள் அனைத்தும் சபையாகக் கூடிப் பாடத் தகுந்தவை அல்ல. மேலே நான் சொன்ன ஆங்கில ஆல்பங்களை ஆராதனையில் ஒலிக்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் துணை நிற்கக்கூடியவர், மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, 'பரட்டை' என்று அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு (1940–2005). ஒடுக்கப்பட்ட மக்களின் இசை என்று ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து, கிராமிய இசையிலேயே முழு ஆராதனை முறையை அமைத்தவர் அவர். பாடும் மக்கள் தங்கள் பேச்சுக்கும் தாளத்துக்கும் ஏற்பப் பாடலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கருத்து. அந்தப் பாடல்களில் ஒன்றை வாலிபர் கூட்டத்தில் பழகிவிட்டு மூப்பரை ஒரு மாலை அழையுங்கள். ஒலிபெருக்கி இல்லாமல் நீங்களே பாடிக் காட்டுங்கள். அவருக்குத் தெரிந்த கீர்த்தனை ஒன்றையும் சேர்த்துப் பாடிவிட்டு, பிறகு அனுமதி கேளுங்கள்.