‘எனக்கு ஒன்றுமில்லை’ என்கிற பையனை யார் உட்கார வைப்பது?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலம் ஆஷ்பர்னில் இருக்கிறோம். பதினோராம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் க்வார்ட்டர்பேக். பத்து நாளைக்கு முன் ஆட்டத்தில் விழுந்ததில் முழங்கால் ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறது. மூன்று வாரம் ஓய்வு என்றார் டாக்டர். ஆனால் இந்த வெள்ளிக்கிழமை முக்கியமான ஆட்டமாம். “எனக்கு ஒன்றுமில்லை, ஆடியே தீருவேன்” என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கோச்சைக் கேட்டால், “அவன் சரியென்றால் எனக்கும் சரி” என்கிறார். என் கணவர், வாஷிங்டன் அணியின் க்வார்ட்டர்பேக்காக இருந்த ராபர்ட் கிரிஃபினின் பரம ரசிகர். அந்த 10ஆம் எண் சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. “அவனும் அடிபட்ட முழங்காலோடுதான் ஆடினான்” என்று பெருமையாகச் சொல்கிறார். அப்படி ஆடியவர் ஏன் நாலே வருஷத்தில் காணாமல் போனார் என்று கேட்டேன். பதில் வரவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒற்றைக் காலில் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பேச்சுவழக்காக இருக்கிறவரை பரவாயில்லை.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி. இது காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வாங்கி, அதை வீசுவதா, பக்கத்து ஆளிடம் கொடுப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று ஓரிரு நொடிக்குள் முடிவு செய்கிறவர்தான் க்வார்ட்டர்பேக். எதிரணியின் கண் முழுக்க அவர் மேல்தான்.

உங்கள் வீட்டுக்காரரின் ரசனையில் குறை சொல்ல முடியாது. 2012இல் கிரிஃபின் ஆடியதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை. டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) அவரை இரண்டாவது ஆளாக எடுப்பதற்காக வாஷிங்டன் அணி, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்த விலையைக் கேளுங்கள்: அந்த வருஷத்து முதல் சுற்று, இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், கூடவே 2013, 2014 இரண்டு வருஷத்து முதல் சுற்றுத் தேர்வுகளும். ஒரே பையனுக்கு வீட்டையே எழுதி வைத்த மாதிரி. (2014 டிசம்பரில் ராம்ஸ் அணி வாஷிங்டனுக்கு வந்தபோது, அந்தப் பேரத்தால் கிடைத்த ஆறு பேரையும் கேப்டன்களாக டாஸ் போட அனுப்பியது. 24-0 என்று ஆட்டத்தையும் ஜெயித்தது. இவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் குத்திக்காட்டி நான் பார்த்ததில்லை.)

விலைக்கு ஏற்ற மாதிரிதான் முதல் வருஷம் இருந்தது. வீசியதில் 3,200 யார்டு, 20 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது), எதிரணி பிடித்தது ஐந்தே ஐந்து. ஓடியதில் 815 யார்டு. மூன்று வெற்றி, ஆறு தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்த அணி கடைசி ஏழு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து, 1999க்குப் பிறகு முதல்முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

அது எப்படி நடந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. பந்து கைக்கு வந்ததும் கிரிஃபின் அதைப் பக்கத்தில் ஓடிவரும் ஆல்ஃப்ரட் மாரிஸின் வயிற்றில் வைப்பார், ஆனால் கையை எடுக்க மாட்டார். கண் மட்டும் எதிரணியின் ஓரத்து ஆள் மேல். அவன் மாரிஸ் பக்கம் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு இவர் ஓடுவார். இவரைக் காவல் காத்து நின்றால் பந்து மாரிஸுக்கு. இவர் ஓட்டத்துக்கு எதிரணி எவ்வளவு பயந்தது என்றால், அந்தப் பொய்யசைவுக்கே நடுவில் நிற்பவர்கள் இரண்டடி முன்னே வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு தெருவே காலியாகக் கிடக்கும். அதில் பந்தை வீசுவது அவருக்குச் சுலபம். ஆக, அவர் வீசிய 3,200 யார்டிலும் ஒரு பெரும்பங்கு அவருடைய கால்கள் சம்பாதித்துக் கொடுத்தது. அந்த வெற்றியில், கால் இல்லாவிட்டால் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அபசகுனம் என்றிருப்பார்கள்.

இன்னொன்று, அவருக்கு விழத் தெரியாது. பேய்லர் பல்கலைக்கழகத்தில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் கொடிகட்டிப் பறந்தவர். தாண்டத் தெரியும், சறுக்கி உட்காரத் தெரியாது. ஐந்தாவது ஆட்டத்திலேயே, அட்லாண்டாவுக்கு எதிராக, தலையில் அடிபட்டு வெளியே போனார். பேய்லரில் 2009இலேயே வலது முழங்கால் ஜவ்வு ஒருமுறை கிழிந்து ஆபரேஷன் ஆனது தனிக்கதை.

சரி, அந்த முழங்காலுக்கு வருவோம். 2012 டிசம்பர் 9, பால்டிமோருக்கு எதிரான ஆட்டம். அதே வலது கால் மடங்கியது. வெளியே போனவர் அன்றைக்கே கொஞ்ச நேரம் உள்ளே ஓடி வந்தார். பிறகு ஒரே ஒரு ஆட்டத்துக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்து ஆடினார். அவர் நொண்டியதை ஊரே பார்த்தது. இதில் எனக்கு ஆறாத ஒரு விஷயம்: அன்று பால்டிமோரை எதிர்த்து ஓர வரிசையிலிருந்து வந்து ஆட்டத்தைக் காப்பாற்றியது, அதே டிராஃப்டின் நான்காம் சுற்றில் எடுத்த கர்க் கசின்ஸ். அடுத்த ஆட்டத்தை க்ளீவ்லாண்டில் ஆடி ஜெயித்ததும் அவர்தான். அந்த ஏழு வெற்றியில் இவையும் சேர்த்தி. கிரிஃபினை உட்கார வைக்க மாற்று ஆள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

2013 ஜனவரி 6, சியாட்டிலுக்கு எதிரான ப்ளேஆஃப், அதாவது தோற்றால் வெளியே போகிற ஆட்டம். உங்கள் கடிதம் வந்ததும் அதை யூடியூபில் மறுபடி பார்த்தேன். ஆட்டத்தை நாலாகப் பிரித்தால் முதல் கால்பகுதியிலேயே வலப்பக்கம் ஓடி வீசும்போது முழங்கால் பிசகுகிறது. நொண்டிக்கொண்டே இன்னொரு டச்டவுன் வீசி 14-0 என்று ஆக்குகிறார். அதோடு சரி. அப்புறம் வாஷிங்டன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆட்டம் முழுக்க அவர் வீசியது 84 யார்டு. ஒவ்வொரு முறையும் வெளியே வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போகிறார். கடைசி கால்பகுதியில் ஒரு பந்து தாழ்வாக வந்து தரையில் உருள்கிறது. எடுக்கத் திரும்புகிறார். யாரும் தொடவில்லை. முழங்கால் பக்கவாட்டில் மடிகிறது. பந்து அங்கேயே கிடக்கிறது, இவர் அதன் பக்கமே போகவில்லை. இரண்டு ஜவ்வு கிழிந்திருந்தது. வயது 22.

அப்புறம் நடந்த பேச்சைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தன்னால் முடியும் என்று கிரிஃபினே சொன்னார், நான் நம்பினேன் என்றார் தலைமை கோச் மைக் ஷனஹன். பால்டிமோர் ஆட்டத்தன்று, மைதானத்துக்குத் திரும்பலாம் என்று அணியின் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் சொன்னதாக முன்பு ஷனஹன் சொல்லியிருந்தார். டாக்டரோ, அன்றைக்கு அந்தப் பையன் தன்னைப் பார்க்கவே விடாமல் உள்ளே ஓடிவிட்டான் என்று பத்திரிகைக்குச் சொன்னார். ஆட்டக்காரர் ஆட ஆசைப்பட்டார். அது அவர் வேலை. கோச் ஆட்டக்காரரைக் கைகாட்டினார், டாக்டர் தான் பார்க்கவே இல்லை என்றார். “அவன் சரியென்றால் எனக்கும் சரி” என்று உங்கள் கோச் சொன்னதாகப் படித்தபோது எனக்கு ஷனஹன் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் முழங்கால் மேல் மட்டும் பழியைப் போட்டால் கதை பாதிதான். அதற்கு முந்தைய வருஷக் கடைசியில் ஜவ்வு கிழிந்த ஏட்ரியன் பீட்டர்சன், அதே 2012இல் 2,097 யார்டு ஓடிக் காட்டினார். (அதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் அவசரம் கூடிப்போனது என்று நினைக்கிறேன்.) பீட்டர்சனின் தொழில் ஓடுவது. கால் திரும்பியது, தொழிலும் திரும்பியது. கிரிஃபினுக்கோ ஓட்டம் கொஞ்சம் குறைந்ததும், நடுவில் நிற்பவர்கள் அந்த இரண்டடி முன்னே வரவில்லை. தெரு அடைபட்டுவிட்டது. இனி நின்ற இடத்திலிருந்து, நெருங்கி வரும் ஆட்களுக்கு நடுவில், மூன்று நான்கு பேரை வரிசையாகப் பார்த்துப் பந்தை வீச வேண்டும். அதைப் பழக வேண்டிய 2013 கோடை, முழங்காலைத் தேற்றுவதிலேயே போனது. முதல் ஆட்டத்துக்கு வந்தே தீருவேன் என்று விளம்பரம் வேறு. வந்தார், ஆபரேஷன் முடிந்து சரியாக எட்டு மாதத்தில். பாதி ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியா 26-7 என்று முன்னால் இருந்தது.

அந்த வருஷம் அவர் ஆடிய 13 ஆட்டத்தில் மூன்றுதான் வெற்றி. ஷனஹனுக்கும் வேலை போனது. அடுத்து வந்த ஜே க்ரூடன், 2014 நவம்பரில் பத்திரிகையாளர்கள் முன்னாலேயே அவருடைய கால்வைப்பைப் பிரித்து மேய்ந்தார்: ஐந்து காலடி பின்வாங்க வேண்டிய இடத்தில் மூன்று காலடிதான் வைக்கிறார் என்று. மூன்றாம் வருஷத்து ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்கிற குறையா இது? முதல் வருஷம் கற்றிருக்க வேண்டிய பாடம். அதை நாலு சுவருக்குள் சொல்லாமல் மைக் முன்னால் சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை. கிரிஃபின் மேலும் தப்பு இல்லாமல் இல்லை. புகழ் சீக்கிரம் வந்துவிட்டால் பாடம் கேட்கிற காது கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது. 2014இல் கணுக்கால் விலகியது, 2015 முழுக்க ஓர வரிசையில் உட்கார்ந்திருந்தார், 2016இல் அணி அவரை விட்டுவிட்டது. க்ளீவ்லாண்டில் முதல் ஆட்டத்திலேயே தோள்பட்டை போனது. பிறகு பால்டிமோரில் லமார் ஜாக்சனுக்கு மாற்று ஆளாக இருந்துவிட்டு, டிவி வர்ணனைக்கு மைக் பிடிக்கப் போய்விட்டார்.

இனி உங்கள் வீடு. முதலில், முடிவைப் பையனிடம் கேட்காதீர்கள். பதினாறு பதினேழு வயதில் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பது தகவல் இல்லை, ஆசை. டாக்டரிடம் நீங்களே பேசுங்கள்: பக்கவாட்டில் திரும்பி ஓடினால் முழங்கால் தாங்குமா, ஒரு காலில் எம்பிக் குதித்து இறங்கினால் வலது இடது ஒரே மாதிரி இருக்கிறதா, இதைப் பரிசோதித்துவிட்டுத்தான் அனுப்புவாரா? எந்தத் தேதியிலிருந்து ஆடலாம் என்று எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதத்தைக் கோச்சிடம் நீங்கள் கொடுங்கள், பையன் வழியாக வேண்டாம். கோச் மேல் கோபப்பட வேண்டியதில்லை. பாதிக் கோச்சுகளுக்கு யாராவது ‘வேண்டாம்’ என்று சொன்னால் உள்ளூர நிம்மதிதான்.

வீட்டுக்காரரிடம் சட்டையைத் தூக்கிப் போடச் சொல்ல வேண்டாம். அந்த சியாட்டில் ஆட்டத்தின் கடைசி கால்பகுதியை மட்டும் பையனோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் பெருமையாகச் சொல்வது அந்த ஆட்டத்தைத்தானே.

வெள்ளிக்கிழமை அவனை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள், முறைத்துக்கொண்டே கிடப்பான். அணியோடு ஓர வரிசையில் நிற்கட்டும். கசின்ஸ் மூன்று வருஷம் பெரும்பாலும் அங்கேதான் நின்றார். 2015இல் இடம் கிடைத்தபோது வீசிய பந்தில் 69.8 சதவீதம் சரியாகப் போய்ச் சேர்ந்தது, லீகிலேயே அதுதான் முதலிடம். பையன் கையில் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் எதிரணியின் நடு ஆட்கள் முன்னே வருகிறார்களா, பின்னே போகிறார்களா என்று குறித்துக்கொண்டு வரட்டும். சனிக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது அப்பாவும் மகனும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.